கன்னத்தில் கண்ட சுவர்

தாவர உயிரணுவுக்குச் சுவர் உண்டு. விலங்கு உயிரணுவுக்குச் சுவர் இல்லை, மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. பி.யூ.சி. முதலாண்டில், அதாவது பதினோராம் வகுப்பில், உயிரியல் பாடம் தொடங்கிய வாரங்களில் கற்பிக்கப்பட்டவற்றுள் எனக்கு ஐயமின்றிப் புரிந்தது இந்த ஒன்றுதான். பத்தாம் வகுப்பு வரை கன்னட வழியில் பயின்றவள் நான். வீட்டில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். ஒரு பொருளுக்கு மூன்று பெயர்கள் தலைக்குள் நின்றுகொண்டிருக்கும். ஒன்றை அழைத்தால் வேறொன்று முன்னால் வரும். மைட்டோகாண்டிரியா என்ற சொல்லைப் பிழையின்றி எழுதவே இரண்டு நாள் ஆயிற்று. அது என்ன செய்கிறது என்ற கேள்விக்கு நான் போகவேயில்லை. உட்கரு உயிரணுவின் நடுவில் இருக்கும் என்று படித்த மறுநாளே, தாவரத்தில் அது ஓரமாக ஒதுங்கியிருக்கும் என்றும் படிக்க நேர்ந்தது. சுவர் மட்டும் அப்படி இடம் மாறவில்லை. மரத்துக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை. அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டுதான் நான் அந்தப் பாடத்துக்குள் நின்றிருந்தேன்.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமைப் பிற்பகலில், என் சொந்தக் கன்னத்திலிருந்து சுரண்டியெடுத்த உயிரணுக்களில் நான் சுவரைக் கண்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருவருக்கு ஒரு நுண்ணோக்கி. அதை என்னோடு பங்கிட்டவளைப் பங்காளி என்பேன்; ஒரு செவிலியின் மகள். தமிழ்க் கிறித்தவக் குடும்பம். எங்கள் இருவர் தமிழிலும் கன்னடச் சொற்கள் தாமாகக் கலந்துவிடும். வாய் ஓயாதவள். நுண்ணோக்கியில் கண் வைக்கும்போதுகூட அவள் பேச்சு நிற்காது. செய்முறைப் பதிவேட்டை நாங்கள் ரெக்கார்டு என்போம். அதன் இடப்பக்கம் வெற்றுத்தாள், வலப்பக்கம் கோடிட்ட தாள். கண்டதை இடப்பக்கத்தில் பென்சிலால் வரைய வேண்டும். செய்ததை வலப்பக்கத்தில் பேனாவால் எழுத வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் விரிவுரையாளர் கையெழுத்திட வேண்டும். ஒரு படம் கையெழுத்தின்றி நின்றாலும் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். அந்தத் தேர்வு போனால் அந்த ஆண்டே போயிற்று. ஓராண்டு போனால் என் படிப்பு நின்றுவிடும் என்பதை எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்த்த கம்பெனியில், பெண்களை வைத்துப் பாகங்களைக் கோக்கும் பகுதி ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. அதைப் பற்றி அப்பா இரண்டு முறை, யாரிடம் என்றில்லாமல், பொதுவாகச் சொல்லியிருந்தார்.

விரிவுரையாளர் ஐம்பது வயதுக்குள் இருந்த பெண்மணி. வகுப்பில் கன்னடமும் ஆங்கிலமும் பேசுவார். அவருடைய ஓயாத கட்டளை ஒன்றே: புத்தகத்தில் உள்ளதை வரையாதீர்கள், கண்ணில் பட்டதை வரையுங்கள். மாணவிகளுள் பெரும்பாலோர் முந்தின நாளே புத்தகத்தைப் பார்த்து வரைந்து கொண்டுவந்து, நுண்ணோக்கியின் முன் பென்சிலைச் சும்மா ஆட்டிக்கொண்டிருப்பர். நான் அவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். வெங்காயத் தோலைப் பார்த்தபோது அதன் ஓரம் மடிந்திருந்ததால் மடிந்தபடியே வரைந்தேன். அதன் கீழ் அவர் கையெழுத்துடன் ‘குட்’ என்றும் எழுதினார். அந்தச் சொல்லை நான் வீட்டில் எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

கன்னத்து உயிரணுவைப் பார்க்க வேண்டிய திங்களன்று காலையில் என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ராமாபுரத்திலிருந்து முதல் பேருந்திலேயே வந்துவிட்டனர். தாம்பூலத் தட்டு மாறியது, சாப்பாடு முடிந்தது, பெரியவர்கள் கூடத்தில் அமர்ந்து வெற்றிலை மடித்தனர். மைசூர் வெற்றிலையின் காரமணம் அடுப்படி வரை வந்தது. நான் தட்டை எடுத்துப் போகும்போது அம்மா முன்கூட்டியே தடுத்தார்.

“அம்மிணி, அதுல கைய வெக்காத. படிக்கிற புள்ள வெத்தல போட்டா நாக்கு தடிச்சுப் போயிரும். அப்பறம் உங்க காலேசு இங்கிலீசு எப்புடி வாயில நொழையும்?”

நான் தலையாட்டினேன். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கப் போன இடத்தில், சுண்ணாம்பு தடவி இரண்டு வெற்றிலையும் நாலைந்து சீவல் பாக்கும் வாயில் போட்டு மென்றேன். அக்காவுக்கு நடந்துகொண்டிருந்த பெரிய காரியத்தில் எனக்கும் ஏதோ ஒரு பங்கு வேண்டியிருந்தது போலும். துப்பிவிட்டு, ஒரு கை நீரால் வாயைக் கழுவி, உதட்டைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன். பேருந்தில் ஏறியபோதே அதை மறந்தும் விட்டேன்.

கல்லூரிக்குள் நான் நுழைந்தபோது வகுப்பு தொடங்கிக் கால்மணி ஆகியிருந்தது.

“என்னடி, பட்டுப்பாவாடை? உனக்கா நிச்சயம்?” என்றாள் பங்காளி.

“அக்காவுக்குடி. சும்னே இரு. என்ன செய்யணும்?”

“பல்குச்சியோட மொட்டை முனையால கன்னத்த உள்பக்கம் சுரண்டணுமாம். கண்ணாடியில தடவி, நீலச் சொட்டு ஒண்ணு விட்டு, மேல சின்னக் கண்ணாடிய மூடணும். எனக்கு ஒண்ணுமே தெரியல கணே. குப்பை மாதிரி இருக்கு. நான் புக்கைப் பார்த்து வரைஞ்சுட்டேன்.”

நான் சுரண்டினேன், தடவினேன், மூடினேன். கண்ணை வைத்தபோது வட்டத்துக்குள் முதலில் தெரிந்தவை மங்கலான சிறு செதில்கள். கசங்கிய காகிதத் துணுக்குகளைப் போல ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நீலப் புள்ளி. அழுக்கு என்று எண்ணிக் கண்ணாடி வில்லையை நகர்த்தினேன். அதன் பின் அவை வந்தன. ஓடு பதித்த தரையைப் போல ஒன்றோடொன்று இறுகப் பொருந்திய அறைகள். அறைக்கு அறை தெளிவான, தடித்த சுவர். இடையிடையே இரண்டு உதடுகளை ஒட்டவைத்தாற்போன்ற சிறு வாய்கள். சில இடங்களில் துருவின் நிறம்.

தலையை எடுத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். சுவர் அங்கேயே இருந்தது. கன்னத்தை வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். வழக்கம்போல் மென்மையாகவே இருந்தது. புத்தகம் தவறா, நான் தவறா, அல்லது இரண்டும் சரியாக இருக்க ஏதேனும் வழி உண்டா என்று தெரியவில்லை. ஆனால் கட்டளை தெளிவாக இருந்தது. பென்சிலை எடுத்துக் கண்டதை வரைந்தேன். சிறு வாய்களையும் விடவில்லை. அழுக்கை மட்டும் விட்டுவிட்டேன்.

விரிவுரையாளர் எங்கள் மேசைக்கு வந்தார். பங்காளியின் படத்தில் கையெழுத்திட்டார். என் படத்தைப் பார்த்தார், நுண்ணோக்கியில் பார்த்தார், மீண்டும் படத்தைப் பார்த்தார். கன்னடத்தில், “இது என்ன?” என்றார். பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது.

“என்னோட கன்னம், மேடம்.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் முகம் சிவந்தது. அவரும் தமிழுக்கு மாறினார். மேல்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பங்களின் பழைய வீட்டுத் தமிழ் அவருடையது. மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று எண்ணியிருக்கலாம். வகுப்பில் பாதிப்பேருக்குப் புரிந்தது.

“கன்னமா? உன் கன்னத்துல இலைத்துளை இருக்கா? நீ என்ன செடியா? வேலியில செம்பருத்தியைக் கிள்ளிண்டு வந்து எனக்கே காட்டறயா?”

“இல்லைங்க மேடம். வாயிலேர்ந்துதான் எடுத்தேன்.”

“பொய் வேற. வர்ற திங்கட்கிழமை ரெக்கார்டெல்லாம் ஆபீசுக்கு உள்ள போறது. அதுக்குள்ள, ஸ்லைடை மாத்தி வெச்சேன், மன்னிச்சுக்கோங்கோன்னு லெட்டர் எழுதிக் குடு. கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இந்தப் பக்கம் இப்படியே இருக்கட்டும்.”

வெளியே வந்ததும் பங்காளி என் முழங்கையை இடித்தாள். “எழுதிக் குடுத்துட்டுப் போடி. நாலு வரி, அஷ்டே, அவ்வளவுதான்.”

“நான் மாத்தலையே.”

“மாத்தலன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாத்தினேன்னு எழுதினா சைன் கிடைக்கும். உனக்கு சைன் வேணுமா, உன் கன்னம் வேணுமா?”

அன்று மாலையும் மறுநாளும் அந்தக் கடிதத்தை எழுத முயன்றேன். நான் வில்லையை மாற்றிவைத்தேன் என்று எழுதி, அடுத்த வரிக்குப் போகாமல் நின்றேன். அந்தச் செயலை என் கைகள் செய்யவில்லை. ஆனால் அந்தச் சுவர் என் வாய்க்குள் எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒருத்திக்கு மறுக்க என்ன உரிமை இருக்கிறது? பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தேன். சுவர் தாவரத்துக்கு விறைப்பைத் தருகிறது என்றிருந்தது. கண்ணாடியின் முன் நின்று வாயைப் பிளந்து பார்த்தேன். கன்னம் விறைப்பாக இல்லை. நாக்குத்தான் சற்றுத் தடித்ததுபோல் தோன்றியது; ஆனால் அதற்கு முன் என் நாக்கை நான் அளந்து வைத்திருக்கவில்லை. ஒருவேளை பலருக்கும் இப்படித்தானோ, நான் மட்டும் வரைந்துவிட்டேனோ? எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தே வரைந்தால், எந்தக் கன்னத்தில் எது இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அல்லது இது நோயோ? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை அச்சுறுத்தியது. அக்காவின் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் வீட்டில் ஒரு நோயைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

புதன்கிழமை மாலை பங்காளி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவள் தாய் அப்போதுதான் பணி முடிந்து, வெள்ளைச் சேலையைக்கூட மாற்றாமல், காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“மம்மி, இவ வாயில சுவர் முளைச்சிருக்காம். ஜன்னல் கதவெல்லாம் இருக்கானு நல்லா பாரு.”

“வாயை மூடு,” என்றார் அவர். நான் திறந்திருந்த வாயை மூடிக்கொண்டேன். “உன்னை இல்லம்மா, இவளை. நீ ஆ காட்டு.”

கைவிளக்கின் ஒளி என் இரு கன்னங்களிலும் சென்று வந்தது. மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பாரோ, அதே குரலில் கேட்டார்.

“புண்ணு, எரிச்சல் ஏதாவது?”

“இல்ல ஆன்ட்டி.”

“வெத்தலை பாக்கு போடற பழக்கம்?”

“இல்ல ஆன்ட்டி.”

“ஒண்ணும் இல்ல. காப்பி குடி.”

தெருமுனைக்கு வந்த பிறகுதான் என் கால்கள் நின்றன. இரண்டாவது ‘இல்லை’ காதில் திரும்பி ஒலித்தது. அதை நான் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவின் முன் தலையாட்டியதைப் போல, நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. பழக்கம் உண்டா என்றுதானே கேட்டார், எனக்குப் பழக்கம் இல்லையே என்று உடனே ஒரு விடையும் ஆயத்தமாயிற்று. அந்த விடை எவ்வளவு வழுக்கலானது என்பதும் தெரிந்தது. செய்யாததைச் செய்தேன் என்று எழுத மாட்டேன் என மூன்று நாள் பிடிவாதம் பிடித்தவள், செய்ததைச் செய்யவில்லை என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டேன்.

பங்காளியிடம் எல்லாவற்றையும், அம்மாவின் எச்சரிக்கை உட்பட, சொன்னேன். அவள் நடுத்தெருவில் கையைத் தட்டிச் சிரித்தாள்.

“அடிப்பாவி! இலையைத் தின்னுட்டு வந்து கன்னம்னு வரைஞ்சியா? அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“ஞாபகமே வரலடி.”

“மொதல்லயே வாயைக் கொப்பளிக்கச் சொன்னாங்களே மேடம்.”

“யாருக்குச் சொன்னாங்க? நான் அப்ப பஸ்ஸுல இருந்தேன்.”

“சரி, நாளைக்குப் போய்ச் சொல்லிடு.”

“சொன்னா மேடம் எங்கப்பாவை வரச் சொல்லுவாங்க. வீட்டுல தெரிஞ்சிடும்.”

“நாக்கைக் காட்டு, தடிச்சிருச்சானு பார்க்கலாம்.”

அவள் சிரித்தாலும் நான் தெளிந்துவிடவில்லை. வெற்றிலைதான் என்பது என் ஊகம். நான் அதை நுண்ணோக்கியில் கண்டதில்லை. காணாத ஒன்றைச் சொல்லி ஏற்றுக்கொள்ளச் செய்வதும் அந்தக் கடிதத்தை எழுதுவதும் ஒன்றாகவே பட்டன. வெள்ளிக்கிழமை, கடையில் வாங்கிய ஒரு வெற்றிலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோய், வகுப்பு தொடங்குமுன் அதன் அடிப்புறத் தோலை உரித்து வில்லையில் இட்டேன். சுவர் இருந்தது, சிறு வாய்களும் இருந்தன. ஆயினும் இரண்டு படங்களும் முற்றிலும் ஒன்றாக இல்லை. இலையில் அறைகள் ஒழுங்காக இருந்தன. என் கன்னத்துப் படத்தில் அவை நசுங்கியும் கிழிந்தும் இருந்தன. துருநிறம் இலையில் இல்லை.

“நீ மென்னியே, அதனால,” என்றாள் பங்காளி. “துரு பாக்கா இருக்கும்.”

“இருக்கலாம்,” என்றேன். இலையையும் கண்டபடியே ஒரு தனித்தாளில் வரைந்துகொண்டேன்.

சனிக்கிழமை அரைநாள். விரிவுரையாளர் தம் அறையில் தனியாக இருந்தார். ரெக்கார்டையும் தனித்தாளையும் மேசையில் வைத்தேன்.

“லெட்டரா?”

“இல்லைங்க மேடம். நான் ஸ்லைடை மாத்தலைங்க. திங்கக்கிழமை காலையில அக்காவுக்கு நிச்சயதார்த்தம். தாம்பூலம் போட்டிருந்தேன். மறந்துட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “படிக்கற பொண்ணு தாம்பூலம் போட்டுண்டாளாம். எங்காத்துல படிக்கறவா கையில காம்பைக்கூடக் குடுக்கமாட்டா. வாயைக் கொப்பளிக்கச் சொன்னேனே?”

“நான் வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருப்பீங்க, மேடம்.”

அவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். அப்பாவை வரச் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்து ஆய்வுக்கூடத்தைத் திறந்தார். ஒரு குவளை நீரை என்னிடம் நீட்டினார்.

“கொப்பளி. இன்னும் ஒரு தரம். இன்னும் ஒரு தரம்.”

நான் கொப்பளித்து, சுரண்டி, தடவி, நீலச் சொட்டை விட்டு, மூடிப் பார்த்தேன். சுவர்கள் எங்கும் இல்லை. எவ்வளவு நகர்த்தியும் அகப்படவில்லை.

“என்ன தெரியறது?”

“ஒண்ணும் இல்லைங்க மேடம். அழுக்குதான் இருக்கு.”

“நகரு.” அவர் குனிந்து பார்த்தார். திருகாணியைச் சிறிது திருப்பினார். நிமிராமலே சொன்னார்: “எதை அழுக்குங்கறே? இந்த நீலப் புள்ளி வெச்ச செதிலையா? அதுதாண்டி நீ.”

மறுபடி பார்த்தேன். திங்களன்று நான் தள்ளிவிட்ட அதே செதில்கள்தாம். ஒழுங்கற்ற ஓரம், ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் நீலமாக உட்கரு. இரண்டு முறை கண்ணெதிரே இருந்தும் இரண்டு முறையும் வேண்டாதது என்று ஒதுக்கியிருக்கிறேன். பங்காளியும் அதையே குப்பை என்று தள்ளிவிட்டுப் புத்தகத்தை வரைந்தாள். அவளுக்குக் கையெழுத்துக் கிடைத்தது. நான் இலையை வரைந்தேன்; எனக்குக் கிடைக்கவில்லை. அவள் படம் சரியானது, ஆனால் அவள் அதைக் காணவில்லை. என் படம் கண்டது, ஆனால் சரியானதன்று. இதில் யார் கட்டளையைக் காத்தவர் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த இடப்பக்கத்தில் செதில்களை வரைந்தேன். அவர் அதன் கீழ் கையெழுத்திட்டார். பிறகு முந்தின பக்கத்துக்குத் திருப்பினார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வார் என்று எண்ணினேன். அவர் அதன் கீழும் கையெழுத்திட்டார். மேலே நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ‘கன்னத்து உயிரணு’ என்ற தலைப்பை மட்டும் ஒரே கோட்டால் அடித்தார்.

“கண்டதைத்தான் வரைஞ்சிருக்கே. தலைப்புதான் தப்பு. சரியானதை நீயே எழுதிக்கோ. லெட்டர் வேண்டாம்.”

நான் நகராமல் நின்றேன்.

“இன்னும் என்ன?”

“மேடம், வாயில ஒட்டிண்டிருந்த வெத்தலை நான் இல்லை. சரிங்க. அதையே முழுங்கியிருந்தா, எப்பலேர்ந்து அது நான்?” அவர் பேச்சு என் நாக்கில் ஒட்டிக்கொண்டதை நானே அப்போது கவனித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஜீரணம் அடுத்த டெர்ம்,” என்றார். “போ, பஸ் போயிடும்.”

செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விட்டார்கள். அந்த ஆண்டு தப்பியது; படிப்பும் நின்றுவிடவில்லை. ஆனால் அந்தத் தலைப்பை நான் எழுதவில்லை. வெற்றிலை என்று எழுதினால் அது நான் கடையில் வாங்கி உரித்த இலைக்கே பொருந்தும். கன்னம் என்று எழுதுவதற்கில்லை. கன்னத்திலிருந்து எடுத்த வெற்றிலை என்று எழுதலாம். எழுதினால் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த எவரேனும் படித்துவிடக் கூடும். ரெக்கார்டு திரும்பி வந்த நாளில் அம்மா அதன் பக்கங்களைப் புரட்டினார். அவருக்கு ஆங்கில எழுத்துகள் தெரியாது. ஆகவே படங்களையே பார்த்துக்கொண்டு போனார். அடித்த தலைப்பின் கீழ் இருந்த சுவர்களில் அவர் விரல் நின்றது.

“இது என்ன அம்மிணி? பேரை அடிச்சுப் போட்டாங்க, கையெழுத்தும் போட்டிருக்காங்க?”

“ஒரு இலைங்கம்மா.”

“என்ன எல?”

விடைக்காக அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியலைங்கம்மா,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே, அவருக்கு ஒன்றுமே தோன்றாத அந்தக் கசங்கிய செதில்களின்மேல் நிற்காமல், அதற்கும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.